பூனைக்குட்டியைப் பெண் பார்க்க வந்தார்கள்

மழையில் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டிருந்த பூனைக்குட்டியை நான் தூக்கிவந்ததிலிருந்து, யாருக்காவது கொடுத்தே தீரவேண்டும் என்று என் கணவர் ஒரே பிடிவாதம்.

இன்று எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு தம்பதியை எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு வரவழைத்ததும் அவர்தான். காபி கொடுத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"பகல்ல யாரு பாத்துப்பீங்க?"

"ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவோம் சார். பால்கனில விட்டுடுவோம்."

"எத்தனாவது மாடி?"

"ஆறாவது."

"வலை போட்டிருக்கா?"

"இனிமேதான் சார்."

"அப்போ போட்டுட்டு போன் பண்ணுங்க." கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் ஜெயித்தது நான்தான்!

இப்போது குட்டி அவர் மடியில் தூங்குகிறது. "கொஞ்சம் தண்ணி கொண்டாயேன், நான் எழுந்தா முழிச்சுக்கும்" என்கிறார்.

நல்ல பெயராகச் சொல்லுங்கள். அதையாவது நான் வைக்கிறேன்.