டாக்டர் வீட்டுத் தெத்துப்பல்

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘கம்பி டாக்டர்’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் முகம்மது ரியாஸின் கிளினிக் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ரியாஸுக்கு இந்தப் பட்டத்தில் கொஞ்சம் வருத்தம்தான். கண்விழித்துப் படித்து வாங்கிய மேற்படிப்பு பெயர்ப்பலகையில் இரண்டு வரிக்கு நீண்டு கிடக்க, ஊரோ அவரைக் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர் மாதிரி கூப்பிட்டது.

விருதுநகரில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்த பீர் முகைதீனின் ஒரே மகன் அவர். விடுமுறையில் கடையில் உட்கார வைத்தால், மூட்டைகள் வரிசை பிசகி இருக்கின்றன என்று இறக்கி இறக்கி ஏற்றச் சொல்லி லோடுமேன்களின் உயிரை எடுத்தார். இவன் கடைக்கு ஆகமாட்டான், டாக்டருக்குப் படிக்கட்டும் என்று தகப்பனார் முடிவு கட்டினார். அவர் மனதில் இருந்தது இதயம், மூளை மாதிரி பெரிய சாமான்கள். மகன் பல்லில் போய் நின்றார். அதிலும் பிடுங்குகிற வேலை இல்லை, நகர்த்துகிற வேலை. பிடுங்கினால் ஒரு நாளில் முடிகிற காரியத்துக்கு எதற்கு இரண்டு வருஷம் என்று பீர் முகைதீன் கண்மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே கேள்வியைத்தான் ஊரும் கேட்டது. தீபாவளிக்குள் லோடு போயாக வேண்டும் என்று பழகிய ஊர், பல்லும் அப்படியே ஆர்டர் கொடுத்தால் வந்து சேரும் என்று நம்பியது. விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனாக இருக்கும் சங்கிலிமுத்து ஓர் ஐப்பசி மாதத்தில் மகள் பாண்டிச்செல்வியைக் கூட்டிவந்து, தையில் கல்யாணம், அதற்குள் பல் வரிசைக்கு வந்துவிட வேண்டும் என்றார். ஒன்றரை வருஷமாவது ஆகும் என்றார் ரியாஸ்.

“அம்புட்டு நாள் எதுக்கு சார்? ரெண்டு ஷிஃப்டாப் போட்டு முடிச்சுக் குடுங்க” என்று சங்கிலிமுத்து பரிவோடு வழி சொன்னார்.

தாடை எலும்பு எந்த சீசனுக்கும் ஓவர்டைம் பார்க்காது என்று டாக்டர் அவருக்குப் பாடமே நடத்தினார். கடைசியில் பாண்டிச்செல்வி வாயில் கம்பியோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள். கழுத்து நகையைவிட அது நன்றாக மின்னியது. மேடையேறிய ரியாஸ் மணமக்களை மனதார வாழ்த்தினார். பிறகு மணப்பெண்ணிடம் குனிந்து, மேல்கம்பி ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது, மறுவீடு முடிந்ததும் வந்து காட்டு என்று சொல்லிவிட்டு இறங்கினார். அத்தனை அக்கறையான டாக்டர்.

வீட்டிலும் அந்த அக்கறைக்குக் குறைவில்லை. பெண் பார்க்கப் போனபோது மற்றவர்கள் பெனாசிரின் முகத்தைப் பார்க்க, இவர் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிற அழகைப் பார்த்துச் சொக்கிப்போய்ச் சம்மதம் சொன்னார். பெனாசிர் அதைப் பல வருஷம் காதல் என்றே நம்பியிருந்தாள். குறை சொல்லவும் முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார், காய்கறி வாங்குவார், மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிவைத்து, உப்பு எங்கே என்று அவளைத் தேட வைப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மகள் ஹாதியா தெத்துப்பல்லோடு வாய்த்தாள். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் தன் இடத்தை விட்டு மேலே ஏறி, முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அது முளைத்த நாளிலிருந்து ரியாஸ் மகளின் சிரிப்பைக் கேட்டதில்லை, பார்த்ததோடு சரி. பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைச் சொல்லி அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இவர் “அப்படியே இரு” என்று சொல்லிவிட்டு டார்ச் எடுக்கப் போவார்.

கம்பி வேண்டவே வேண்டாம் என்று ஹாதியா ஒற்றைக்காலில் நின்றாள். கொஞ்ச நாளில் வாயைத் திறந்து சிரிப்பதையும் விட்டாள். பிளஸ் டூ வந்துவிட்டாள், அடுப்படியில் அம்மாவும் மகளும் சிரிக்கிற சத்தம் தெருவரை கேட்கும். அத்தாவின் கார் வாசலில் நின்றதும் உதடு மூடிக்கொள்ளும். ரியாஸுக்கு அது நெஞ்சில் தைத்தது. பல்லை நினைத்துத்தான் பிள்ளை கூச்சப்படுகிறது என்று எண்ணி, கம்பியின் பெருமைகளை இன்னும் விரிவாக எடுத்துச் சொன்னார். மற்றவர் வாய்க்குள் இருப்பதெல்லாம் தெரிந்தவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

சிவகாசியில் கடை வைத்திருப்பவர் வருஷா வருஷம் காலண்டர் கொடுக்காவிட்டால் கடையை மூடிவிட்டார் என்றுதான் அர்த்தம். இந்த ஆடிப்பெருக்கில் பிரஸ்களில் அடுத்த வருஷக் காலண்டரின் புது மாடல்கள் வந்ததும், சாமி படமும் வேண்டாம், குழந்தை படமும் வேண்டாம், தம் குடும்பப் படத்தையே போட்டுவிடலாம் என்று ரியாஸுக்குத் தோன்றியது. பெருநாளன்று உறவுக்காரப் பையன் ரியாஸின் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. எடுக்கும்போது அவன் செருப்பு தடுக்கி விழப்போக, ஹாதியா தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்திருந்தாள். தெத்துப்பல் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. அதையே போடலாமா என்று மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“போடுங்க அத்தா. ஆனா அந்தப் பல்லப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது” என்றாள் ஹாதியா.

பேசவில்லை. நாரணாபுரம் சாலையில் பிரஸ் வைத்திருக்கும் பிரபாகரனுக்குப் படத்தை அனுப்பினார். அனுப்பியதும், தேவையில்லாதது எதற்கு என்று வழக்கம்போல் தம் போனில் இருந்து அழித்தார். ஒழுங்கான மனிதர் அல்லவா.

முதல் கட்டு காலண்டர் வீட்டுக்கு வந்தது. பெனாசிர் பிரித்தாள். ரியாஸின் வழுக்கைத் தலையில் முடி அடர்ந்து கிடந்தது. மூன்று பேரும் மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்திருந்தார்கள். ஹாதியாவின் பற்கள் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் இருந்தன.

ஹாதியா காலண்டரைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒரு போட்டோவுல கூட என்னைய என் பாட்டுக்கு விட மாட்டீகளா அத்தா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் சொல்லவில்லை என்று ரியாஸ் சத்தியம் செய்தார். பெனாசிரே நம்பவில்லை. இத்தனை வருஷம் டார்ச் அடித்தவரை யார் நம்புவார்? மறுநாள் மகளைக் கெஞ்சிக் கூத்தாடி காரில் ஏற்றிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார்.

பிரபாகரன் பாராட்டை எதிர்பார்த்து எழுந்து நின்றார். எல்லாருக்கும் நிறத்தையும் முடியையும் சரிசெய்து கொடுப்பது பிரஸ்ஸில் வழக்கம்தான் என்றும், பல் மட்டும் தம் சொந்த அக்கறை என்றும் சொன்னார்.

“டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கே பல்லு இப்படி இருந்தா, பாக்குறவுக என்ன நெனைப்பாக? அதான் நானே சரி பண்ணிட்டேன்.”

“திருப்பிப் போடுங்க” என்றார் ரியாஸ்.

தம் பிரஸ் வாழ்க்கையில் படம் அழகாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்த முதல் ஆளைப் பிரபாகரன் விழித்துப் பார்த்தார். பழைய படத்தின் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டதால் அது இப்போது இல்லை என்றார். ரியாஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“இடது கோரைப்பல். இன்னும் மேல ஏத்துங்க. முன்னால தள்ளி நிக்கணும். நுனியில லேசா உடைஞ்சிருக்கும், நோன்பு தொறக்குறப்ப முறுக்கக் கடிச்சது. இம்புட்டு நேராவா இருக்கும்? நல்லாக் கோணலா வைங்க.”

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஹாதியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முக்காடு நழுவியதும் தெரியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பிரபாகரன் செல்போனை எடுத்தார். “டாக்டர், பிள்ளைய அப்படியே இருக்கச் சொல்லுங்க, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா வேலை சுலபம்.”

“அவ சிரிச்சு முடிக்கட்டும்” என்றார் ரியாஸ்.

புதுக் காலண்டர் கிளினிக் வரவேற்பறையில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கியது. பல் திரும்பி வந்துவிட்டது. முடியை எடுக்கச் சொல்ல மட்டும் டாக்டர் எப்படியோ மறந்துபோனார். அடுத்த மகளின் பல்லைக் காட்ட வந்த சங்கிலிமுத்து அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு ரியாஸைத் தனியாக ஓரங்கட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“முடியெல்லாம் எம்புட்டு நல்லா வந்திருக்கு சார். பிள்ளை பல்லத்தான் கவனிக்காம விட்டுட்டீக.”

ஆமாம், விட்டுவிட்டேன் என்றார் ரியாஸ்.