பேனர் மேல காயுற மொளகா

அத ஏன் கேக்குறீங்க தங்கச்சி! ஆமா, எம்பேத்தி மூஞ்சிதான் அது. மூக்கு மேல ரெண்டு மொளகா கெடக்குல்ல, அதான் ஒங்களுக்கு அடையாளம் தெரியல. சிரிக்காதீங்க. நீங்க மெர்சிங்ல மக வீட்டுல மூணு வாரம் மீனா தின்னுட்டு இருந்தப்ப இங்க என்னென்னமோ நடந்துபோச்சு. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு நொண்டி. பசியாறிட்டீங்களா? கோப்பி போடவா? சரி, கதைய கேட்டுட்டே குடிக்கலாம்.

அந்தப் பேனர்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது எனக்கு. ஆனா மனப்பாடமா சொல்லுவேன். மேல வாழ்த்துகள்னு இருக்கு. நடுவுல பேத்தி படம். கீழ கோலாலம்பூர்ல இருக்குற அந்தப் பெரிய யுனிவர்சிட்டி பேரு, தங்கக் கலர்ல. அந்தத் தங்கக் கலரு இருக்குற பக்கந்தான் வெயிலு நேரா விழுது, மொளகா நல்லா காயுது.

ரிசல்ட்டு வந்த அன்னிக்கு எம்மவன் சிங்கப்பூர்ல வேலை எடத்துலேருந்து போன் போடுறான். ஒங்களுக்குத்தான் தெரியுமே, தெனமும் போயிட்டு வர்றான், அங்க ரயிலு டெப்போவுல சக்கரம், பிரேக்கு எல்லாம் கழட்டி மாட்டுற வேலை அவனுக்கு. "அம்மா, பாப்பாவுக்கு அந்தப் பெரிய எடத்துலயே கெடச்சிருச்சு"ங்குறான். நான் அடுப்புல சோத்த அப்படியே விட்டுட்டு, ஒரு காலுல என் செருப்பு, இன்னொரு காலுல மருமவ செருப்பு, ஓடுனேன் பாருங்க கோயிலுக்கு! கோயிலு தலைவரு அங்க லைட்டு மாட்டிக்கிட்டு இருந்தாரு. ஏணிக்கு கீழ நின்னே கத்திச் சொல்லிட்டேன். அவரு ஏணிலேருந்தே, "அப்படியா! முன் வரிசைம்மா, முன் வரிசை!"ன்னாரு.

நீங்க இந்தப் பக்கம் வந்து ரெண்டு வருஷந்தானே ஆச்சு, நம்ம கோயிலு வழக்கம் முழுசா தெரியாது ஒங்களுக்கு. யுனிவர்சிட்டி கெடச்ச புள்ளைங்கள வருஷா வருஷம் ஒரு வெள்ளிக்கெழம மேடைக்கு கூப்புடுவாங்க. பெரிய பேரு உள்ள எடத்துக்குப் போற புள்ளைக்கு முன் வரிசைல நாற்காலி, மாலை, சால்வை, வாசல்ல பேனரு. யாருக்கும் தெரியாத எடத்துக்குப் போற புள்ளைங்க பின்னால நிக்கணும், சால்வை மட்டுந்தான். யாரு வச்ச சட்டமோ தெரியாது. நானும் வருஷா வருஷம் கீழ உக்காந்து, முன் வரிசைல எம்பேத்தி எப்ப உக்காருவான்னு ஏங்கிக்கிட்டு இருந்தவதான். மூணே நாள்ல பேனரு வாசல்ல தொங்குச்சு.

ஆனா புள்ள மூஞ்சில சிரிப்பே இல்ல, தங்கச்சி. துணி காயப் போட்டுக்கிட்டே அழுவுது. என்னாடின்னா ஒண்ணும் இல்லங்குது. விடுவனா நானு? அப்புறந்தான் சொல்றா. பெரிய எடத்துல அவ கேட்ட படிப்பு குடுக்கல. ஊரு ஒலகத்துல எல்லாத்தையும் எண்ணி எண்ணி கணக்கு போடுற படிப்பாம், அதக் குடுத்துட்டாங்க. அவளுக்கு வேண்டியது ரயிலு படிப்பு. சின்ன வயசுலேருந்தே அப்பன் கொண்டாந்த பழைய பேரிங்கு, போல்ட்டு எல்லாத்தையும் பிஸ்கோத்து டின்னுல போட்டு வச்சிக்கிட்டு வெளையாடுனவ அவ. அந்தப் படிப்புக்குத் தனியா ஒரு எடத்துக்கு அவளே மனு போட்டிருக்கா. குளுவாங் தாண்டி உள்ள போனா ஒரு சின்ன எடம். அங்கேருந்தும் கடுதாசி வந்திருச்சு. வர்ற வியாழக்கெழமைக்குள்ள ரெண்டுல ஒண்ண போன்ல அமுக்கிச் சொல்லணுமாம். "பாட்டி, நீங்க கோயில்ல சொல்லிட்டீங்க, பேனரும் போட்டாச்சு. இனிமே நான் எப்படி மாத்துறது?"ன்னு கேக்குறா.

என் வாயி செஞ்ச வேலைல்ல இது?

எம்மவன் கிட்ட மெதுவா பேச்செடுத்தா குதிக்கிறான். "அந்த எடத்து பேர சொன்னா எவனுக்கும்மா தெரியும்?"ங்குறான். அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவன் படிச்ச எடத்த அப்பவே மூடிட்டாங்க, பேரு ஒருத்தருக்கும் தெரியாது. டெப்போவுல இவன் கிட்ட வேலை கத்துக்கிட்ட பையனெல்லாம் பெரிய எடத்து பேர சொல்லி மேல போயிட்டான். இவன் இன்னும் கீழ படுத்துக்கிட்டு போல்ட்டு முடுக்குறான். "எம்மவளும் பேர சொல்றப்ப தலைய குனியணுமா?"ன்னான்.

கடைசியா அவனே சொன்னான், "ஞாயித்துக்கெழம எல்லாரும் போயி அந்த எடத்த கண்ணால பாப்போம். பாத்தா அவளே வேணாம்பா." மருமவளுக்கு அன்னிக்கு வேலை. எம்மவன் ஓட்ட, நாங்க மூணு பேரும் காடில கெளம்புனோம். மரவள்ளிக் கெழங்கு அவிச்சி, தொட்டுக்க மொளகா அரைச்ச சம்பல் வச்சி எடுத்துக்கிட்டேன். குளுவாங் போனா எனக்கு எப்பவும் ஒரு மாதிரி ஆயிரும். நான் பொறந்த ரப்பர் தோட்டம் அந்தப் பக்கந்தானே. வெள்ளக்காரன் கம்பெனித் தோட்டம், ஆஸ்பத்திரி, பந்து விளையாடுற தெடலு எல்லாம் இருக்கும். என்னைய கட்டிக் குடுத்தது சீனன் தவுக்கே, அதான் மொதலாளி, வச்சிருந்த சின்னத் தோட்டத்துல. "போயும் போயும் அங்கயா"ன்னு எங்க சித்தி கல்யாணத்தன்னிக்கே மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டா. அதே சித்திதான் பின்னால எங்க வீட்டுக்கு வந்து மாசக்கணக்கா தங்குனா, எம்புருசன் கொழம்பு வைக்கிற ருசிக்கு. சரி அத விடுங்க, எங்கயோ போயிட்டேன்.

அந்த எடம் போயி சேந்தோம். வாசல்ல பேரு எழுதுன போர்டு வெளுத்துப்போயி கெடக்கு. காவக்காரரு வாழப்பழம் தின்னுக்கிட்டு இருக்காரு. எம்மவன் என்னையப் பாத்து கண்ணாலயே, பாத்தியாங்குறான். யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்னு தொறந்து விட்டிருந்த நாளு அது, அதனால புள்ளைங்க நடமாட்டம் இருந்திச்சு. எனக்கு மூட்டு வலி, ஒதுங்கவும் வேண்டியிருந்திச்சு. நீங்க ரெண்டு பேரும் போங்கன்னு சொல்லிட்டு பாத்ரூம் தேடிப் போனேன்.

அங்க மோப்பும் வாளியுமா ஒரு நம்ம ஆளு நிக்கிறா. பேச்சுக் குடுத்தேன். ஏன்னா தங்கச்சி, தோட்டத்த விட்டு வந்த பெறகு நானும் பதினோரு வருஷம் கிளீனர் வேலை பாத்தவதானே, ஜொகூர் பாருல ஒரு பேர் போன காலேஜில. கண்ணாடிக் கட்டடம். அங்க லெக்சரருங்க ரூம்பு வரிசைல நான் வாரத்துக்கு ஒரு தடவ மோப்பு போட்டா போதும், தரை பளபளன்னு இருக்கும். ஒரு புள்ள காலு பட்டாத்தானே அழுக்காவும்? எல்லாக் கதவும் சாத்தியே கெடக்கும். புள்ளைங்க வந்து தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போவும்.

அதனால முதல் கேள்வியே அதான் கேட்டேன். "லெக்சரருங்க ரூம்பு பக்கம் தரை எப்படி?"

"அத ஏன்க்கா கேக்குறீங்க," அவ நெத்தில அடிச்சிக்கிறா. "காலையில தொடச்சா பத்து மணிக்கு மறுபடியும் எண்ணெய், சேறு. புள்ளைங்க வர்றதும் போறதுமா கெடக்குதுங்க. ஒரு கதவையும் சாத்தி வைக்க மாட்டாங்க. என் இடுப்பு போச்சு."

எனக்கு ஒடனே மனசு நெறைஞ்சு போச்சு. விறுவிறுன்னு போயி எம்மவன் கையப் புடிச்சேன். "டேய், தரை ரொம்ப அழுக்கா இருக்காம்டா!"

"அதானம்மா நானும் சொல்றேன்! வா கெளம்பலாம்"ங்குறான் அவன். அலமாக், அவனுக்கு வெளக்குறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. வெளக்குனதுக்கப்புறம் சிரிக்கிறான். "தரையப் பாத்தா யுனிவர்சிட்டி எடுப்பாங்க?"ன்னான். எம்பேச்ச அவன் ஒரு காசுக்கும் மதிக்கல, லா.

அவன மாத்துனது நான் இல்ல. ரயிலு சக்கரம்.

பட்டற மாதிரி ஒரு பெரிய கொட்டாய். உள்ள நெசமான ரயிலோட சக்கரம், சட்டத்தோட நிக்குது. ஒரு மலாய்க்காரப் பொண்ணு, தலைல முக்காடு, கை முழுக்க கிரீஸு, புள்ளைங்களுக்கு எதோ கழட்டிக் காட்டுறா. அவதான் லெக்சரராம். எம்மவன் கைய பின்னால கட்டிக்கிட்டு சும்மா நின்னான். கொஞ்ச நேரம். அப்புறம் ரெண்டு அடி கிட்ட போனான். அப்புறம் பாத்தா முட்டி போட்டு குனிஞ்சு அடியில எட்டிப் பாக்குறான், நல்ல சட்டையோட! "புவான், இந்தப் பிரேக்கு கட்டை ஒரு பக்கமா தேஞ்சிருக்கு"ங்குறான் மலாய்ல, மரியாதையா. அந்தப் பொண்ணு கோவிக்கல. அவளும் பக்கத்துல முட்டி போட்டா. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்சிக்? இந்தப் புள்ளைங்களுக்கும் சொல்லுங்களேன்"ன்னா.

சொன்னான் பாருங்க. அர மணி நேரம். இருபது புள்ளைங்க சுத்தி நிக்க, எம்மவன் கைய ஆட்டி ஆட்டிப் பேசுறான். வீட்டுல உப்பு வேணும்னாக்கூட வாய தொறக்காதவன். எம்பேத்தி அவன் பேசப் பேச ஸ்பேனர எடுத்து எடுத்துக் குடுக்குறா, எந்த சைசுன்னு அவன் கேக்கவே இல்ல. நான் ஓரமா உக்காந்து கெழங்கத் தின்னுக்கிட்டே பாத்தேன். கண்ணு கலங்கிருச்சு. சம்பல்ல காரம்னு சொல்லிட்டேன்.

திரும்பி வர்றப்ப குளுவாங்ல கோப்பி குடிக்க எறங்குனோம். அப்பத்தான் அவன் அவகிட்ட கேக்குறான், "நாளைக்கி வேலைக்குப் போறப்ப, இந்தப் பேர நான் கேள்விப்பட்டதே இல்லியேன்னு ஒருத்தன் சொல்வான். என்ன சொல்வ?"

அவ ரொட்டிய பிச்சிக்கிட்டே சொல்றா, "சரி, சக்கரத்தக் காட்டுங்க, கழட்டிக் காட்டுறேன்னு சொல்வேன்ப்பா."

அவன் கோப்பிய ஆத்திக்கிட்டே கேட்டான், "அப்பயும் அவன் பேரத்தான் கேட்டான்னா?"

"அப்ப அந்த எடம் எனக்கு வேணாம். ஒங்களுக்கு மட்டும் பேர கேக்காத எடம் கெடச்சிருந்தா, நீங்க இன்னேரம் எங்க இருந்திருப்பீங்க?"

அவன் அவ தட்டுல இருந்த ரொட்டில பாதிய எடுத்து தின்னான். அது அவன் சரின்னு சொல்ற வெதம், எனக்குத் தெரியும். புதன்கெழம சாயந்தரம் ரெண்டு பேரும் ஒரே போன்ல கைய வச்சி அமுக்குனாங்க.

அப்புறம் பாக்கி இருந்தது என் வேலை, பேனரு. மறுநாளே போனேன் கோயிலுக்கு. தலைவரு, "அடிச்சது அடிச்சாச்சும்மா, அப்படியே இருந்துட்டுப் போவட்டும், யாருக்குத் தெரியப் போவுது?"ங்குறாரு.

"கருவறைல ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளுக்குத் தெரியும்ல?"

"அப்ப பின் வரிசைதான். அப்புறம் என்னைய கொற சொல்லக் கூடாது."

"பின் வரிசைக்கு மேலதான் காத்தாடி ஓடுது. புள்ள வேர்க்காம நிக்கட்டும்,"ன்னுட்டு நானே ஏணி கேட்டேன். ஏற விடல, பாவம் அவரே ஏறி அவுத்துக் குடுத்தாரு.

வெள்ளிக்கெழம எம்பேத்தி பின்னால நின்னா. சால்வை மட்டும். எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்திச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா இத கேளுங்க. முன் வரிசைல ஒரு புள்ள மாலையோட உக்காந்திருந்திச்சு. முடிஞ்சதும் அதோட அம்மா என்னைய தூணு பக்கம் தள்ளிக்கிட்டுப் போயி, "இவளுக்கு கீழ ஒருத்தி இருக்கா, அவளுக்கும் மிசினுன்னா உசுரு. அந்த எடம் நெசமாவே நல்லா இருக்குமாக்கா?"ன்னு கேக்குறா. தரை அழுக்கு கதைய ஆதியோட அந்தமா சொன்னேன். இந்த வாரம் போயி பாக்கப் போறாங்களாம். தலைவரு கூட அடுத்த வருஷத்துலேருந்து எல்லாப் புள்ளைக்கும் நாற்காலி போடலாமான்னு கமிட்டில பேசுறேன்னாரு. பேசுவாரா தெரியாது. பேசட்டும்.

பேருக்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், தங்கச்சி. ஒங்க பேரன் பெரிய எடத்துல படிச்சதாலதானே அந்தக் கம்பெனி கதவு தொறந்திச்சு, நானும் பாத்தேன். அவன் கேட்ட படிப்பே அங்க இருந்திச்சு, அவனுக்கு அது சரி. நாளைக்கி இவளுக்கு வேலை லேசுல கெடைக்கலன்னா மொத அடி எனக்குத்தான் விழும், அதுவும் தெரியும். ஆனா இப்ப வீட்டுக்குள்ள வந்து பாருங்க. அப்பனும் மவளும் பிஸ்கோத்து டின்ன தரைல கொட்டி வச்சிக்கிட்டு எத எடுத்துக்கிட்டுப் போறதுன்னு சண்ட போடுறாங்க. அந்த மலாய்க்காரப் பொண்ணு வேற எம்மவன லீவு நாள்ல வந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லி போன் போட்டிருக்கா. அதுக்கு ஒரு சட்டை அயர்ன் பண்ணி மாட்டி வச்சிருக்கான், இன்னும் ரெண்டு வாரம் இருக்கு!

அடுத்த திங்கக்கெழம அவ கெளம்புறா. ஆஸ்டல் சாப்பாடு சப்புன்னு இருக்குமாம், அந்த கிளீனர் பொண்ணு அப்பவே சொல்லிட்டா. அதான் இந்த மொளகாய அரைச்சி, பாதி தூளு, பாதி சம்பலு... என்னது, தூறுதா? அய்யய்யோ, மழ வந்திருச்சு! கோப்பிய வைங்க, வைங்க! அந்தத் தங்கக் கலரு முனைய புடிங்க தங்கச்சி, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன். ஒண்ணா தூக்கணும், கொட்டிராம. தூக்குங்க!