கடலேறும் வயலில் ஏழு குழிகள்

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையிலிருந்து ஆட்டோ கிளம்பியபோது மணி ஐந்தரை. எங்கள் திருச்சியில் அந்த நேரத்தில் பால்காரரே கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார். இங்கே நன்றாக விடிந்துவிட்டது, டீக்கடையில் கூட்டம். சிப்பிகாட்டுக்குப் பதினான்கு கிலோமீட்டர், நானூறு ரூபாய் என்று பேசி ஏறியிருந்தேன். கோல்ஃப் பார்க்கப் போகிறேன் என்றதும் நான் தங்கியிருந்த வீட்டு நண்பரின் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் பார்த்ததில் தப்பில்லை.

கோல்ஃப் என்றாலே எனக்கு ஆகாது. ஜனங்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கிற ஊரில் புல்லுக்குத் தண்ணீர் காட்டுகிற ஆட்டம் அது என்று நாலு பேர் முன்னால் வாதாடியிருக்கிறேன். ஆனால் முந்தின நாள் ஷாதிபூரில் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்ன செய்தி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. 2004 டிசம்பரில் சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் இந்தப் பக்கத்து நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் தினமும் இரண்டு முறை வந்துவிட்டுப் போகிறது. நெல் போயிற்று, தென்னை போயிற்று. அப்படிப் போன வயல் ஒன்றில், பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ் அம்மாள் ஏழு குழி வைத்துக் கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார், ஆளுக்கு நூறு ரூபாய் என்றார் அவர். பாயசம் வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆட்டோக்காரர் முருகேசன் போர்ட் பிளேரில் பிறந்தவர், பெற்றோர் சிவகங்கைப் பக்கம். அரசாங்கம் ஊருக்கு வேறு பெயர் வைத்தாலும் அவர் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது. தமிழில் பாதி இந்தி, ஜமீன் என்றால் அவருக்கு வெறும் நிலம்.

“அந்த மேடம் ஜமீனுக்கா சார்? ஜல்தி போயிருவோம். நேத்துதான் பௌர்ணமி. பானி ஏறிருச்சுன்னா உள்ள போகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது.”

“தினமும் ஆட்டம் நடக்குமா?”

“இன்னைக்கு நடக்கும். நாளன்னைக்கு லாரி வருது சார். அவங்க அண்ணன் பூரா மண்ணக் கொட்டி கோடவுன் கட்டப் போறாரு. பர்மிஷன்கூட வந்துருச்சாம். நல்ல நேரத்துல மெயின்லாண்ட்லருந்து வந்தீங்க, போய்ப் பாத்துக்குங்க.”

அதற்குப் பிறகு வழியில் பாக்குத் தோப்புகளும் மேடும் பள்ளமுமான சாலையும் வந்தன. என் மனம் அதில் செல்லவில்லை. ஒரு பொருள் நாளை மறுநாள் இருக்காது என்று தெரிந்துவிட்டால் அதன் மேல் தானாக ஒரு பாசம் வந்துவிடுகிறது, அது நமக்கு ஆகாத கோல்ஃபாகவே இருந்தாலும்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் பழைய மட்டைகள் நிறைந்த இரண்டு பைகள். மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் சுமக்க முடியாமல் விட்டுப்போனவையாம். கொட்டகைக்கு அப்பால் பச்சைப் புல்வெளி எதுவும் இல்லை. சேறு மினுங்கும் வயல், அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் பழைய வரப்புகள், தலை போன தென்னை மரங்கள், தூரத்தில் அலையாத்திக் காடு. அங்கங்கே மூங்கில் குச்சியில் மீன்வலை மிதவைகள் கொடிக்குப் பதிலாகக் கட்டப்பட்டிருந்தன.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் முக்காடு, அதன் மேல் தொப்பி. அதுதான் அந்த விளையாட்டு ஆசிரியை, ஜீனத் அம்மாள். அறுபதைத் தாண்டியவர், ஆனால் அந்தக் குரலுக்கு இன்னும் ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் வரிசையில் நிற்கும். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, குடை, கடுகடுத்த முகத்தோடு அவருடைய அண்ணன் சாகுல். டெலானிபூரில் வீடு, பஜாரில் இரும்புச் சாமான் கடை. குடும்பம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் வழக்கப்படி அண்ணனைத் தங்கை காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

“காக்கா இங்க கால் வச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு,” என்றார் ஜீனத் என்னிடம். “நெலம் ரெண்டு பேருக்கும் பாத்தியம். மண்ணக் கொட்டறதுன்னா கொட்டட்டும், தடுக்க மாட்டேன். ஆனா ஒரு தடவை ஏழு குழியும் ஆடிட்டுக் கொட்டணும்னு சொல்லிட்டேன்.”

“சின்ன வயசுலருந்தே இப்படித்தான்,” என்றார் சாகுல். “சரி, சீக்கிரம் ஆரம்பி. எட்டரைக்குக் கடை தொறக்கணும்.”

ஆட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் செலவில்லாமல், ஒரு மரம் வெட்டாமல், ஒரு கூடை மண் அள்ளாமல் இந்த அம்மாள் செய்திருப்பதைப் பார்த்தால் யாரும் மாறுவார்கள். கடல் விட்டுவைத்ததை வைத்துத்தான் எல்லாமே. தண்ணீர் முதலில் புகும் தாழ்ந்த பகுதியில் முதல் குழி. அதைவிடச் சற்று மேட்டில் இரண்டாவது. இப்படிக் கடல் பின்னால் துரத்திவர, ஆடுகிறவர் முன்னால் ஏறிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் வடியும் வேளையில் ஆட வருகிறவர்களுக்கு அதே மைதானம் தலைகீழ், ஏழிலிருந்து ஒன்றுக்கு. ஒரே நிலத்தில் இரண்டு மைதானம்!

முதல் குழிக்கு வரப்பின் மேலேயேதான் பந்து போக வேண்டும். இரண்டு ஆள் உரசாமல் நடக்க முடியாத வரப்பு அது. பந்து சறுக்கிச் சேற்றில் விழுந்தால் இறங்கி எடுப்பது அவரவர் பொறுப்பு. நான் அடித்த முதல் பந்து எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. ஜீனத் விசில் ஊதி, “மட்டையக் கீழ வைங்க சார், நீங்க குடை பிடிங்க,” என்று என் விளையாட்டு வாழ்க்கையை அங்கேயே முடித்துவைத்தார். எனக்கு நிம்மதி.

இரண்டாவது குழியைச் சுற்றி நண்டு வளைகள். பந்து வளைக்குள் போனால் அபராதமில்லாமல் எடுத்து வைக்கலாம், ஆனால் கையை விடக் கூடாது, கரண்டியால்தான் எடுக்க வேண்டும். மூன்றாவதில் பட்டுப்போன இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே அடிக்க வேண்டும். நான்காவது, பழைய நெற்களம். சிமெண்டுத் தரை விரிசல் விட்டு, விரிசலில் உப்புப்பூண்டு முளைத்திருந்தது. அதை அவர் பிடுங்கவில்லை, பந்தைத் திருப்பிவிட அதுவும் ஒரு தடை. ஓடைப் பக்கம் நீளமாக வலை கட்டி, முதலை படம் போட்ட பலகை நட்டிருந்தார். அதற்கும் ஒரு விதி உண்டு. முதலை கண்ணில் பட்டால் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும், ஆடிய எல்லாருமே ஜெயித்ததாகக் கணக்கு. உயிரோடு திரும்புவதே வெற்றி என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட விளையாட்டை நான் பார்த்ததில்லை.

சாகுல் ஒன்றையும் பாராட்டவில்லை. அடித்தார், தவறினார், முணுமுணுத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க அந்த அம்மாளுக்காக எனக்கு மனசு கனத்தது. எத்தனை வருட உழைப்பு, அதை இந்த மனிதர் ஒரு கணக்குத் தீர்ப்பதுபோல முடிக்கப் பார்க்கிறாரே என்று கோபம்கூட வந்தது. நெற்களத்தில் ஜீனத் ஒரு டப்பாவைத் திறந்து தொதல் கொடுத்தார், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய கறுத்த அல்வா. பிறகு ஃபிளாஸ்கிலிருந்து டீ. பிறகு இன்னொரு சுற்று டீ. கடல் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது இவருக்கு ஏன் இத்தனை நிதானம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எட்டேகாலுக்கு ஐந்தாவது குழிக்கு வந்தோம். சாகுலின் நடை தளர்ந்தது.

எதிரே சுவரில்லாத ஒரு வீடு. கூரையும் மரமும் எப்போதோ கழற்றி விற்கப்பட்டுவிட்டன. மூன்று படிகள், உயரமான அடித்தளம், வாசல் நிலை ஒன்று, அதற்கப்பால் வானத்தைப் பார்த்துக் கிடந்த சிவப்புச் சிமெண்டுத் தரை. ஜீனத் அதை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். வரப்பிலிருந்து பந்தைத் தூக்கி அடித்து, வாசல் நிலைக்குள் நுழைத்துத் தரையில் ஏற்ற வேண்டும். அதுதான் ஐந்தாவது. சாகுலுக்கு நாலு அடி பிடித்தது. பந்து ஏறியதும் அவரும் படியேறினார். நிலைக்கு முன்னால் நின்று, தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நானும் கழற்றினேன்.

ஹால் மூலையில் குழிக்குப் பதிலாக ஒரு பைப்புத் துண்டு தரை மட்டத்தில் பதிக்கப்பட்டிருந்தது. சாகுல் குனிந்து பார்த்தார்.

“இது நம்ம கடைப் பைப்புல்ல?”

“பில் போட்டுத்தான் வாங்கினேன் காக்கா.”

ஜீனத் மெதுவாகத் தட்டினார். பந்து குழியைப் பார்த்து நேராகத்தான் போனது. பாதி வழியில் மனசு மாறியதுபோல வளைந்து, வடக்கு விளிம்புக்கு ஓடி, கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் ‘தொளக்’ என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வரப்பைக் காணோம். மூன்று பக்கமும் தண்ணீர், ஆறாவது குழிக்குப் போகும் வரப்பும் முங்கிவிட்டது. முழங்கால் ஆழம்தான், ஆனால் முதலைப் பலகையைப் பார்த்த யாரும் அதில் இறங்க மாட்டார்கள். பன்னிரண்டு மணி வரை நாங்கள் மூவரும் அந்தத் தரையிலேயே இருந்தாக வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாளாகப் பார்த்து ஏன் ஆட்டம் வைத்தார், இரண்டாவது சுற்று டீ ஏன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜீனத் என்னைப் பார்க்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“இந்தக் குழிய யாருமே ஒரே தட்டுல முடிச்சதில்ல,” என்றார். “பூகம்பத்துல தரை கோணிப்போச்சு.”

“கோணலா?” சாகுலுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “எவன் சொன்னான் கோணல்னு? வாட்டம் புள்ள, வாட்டம்! உம்மா வீடு கழுவி விட்டா தண்ணி நிக்கக் கூடாதுன்னு நான் கொத்தனார் கூட உக்காந்து போட்ட வாட்டம். தெக்கேருந்து வடக்க, அப்புறம் அந்த மூலைக்கு. ரெண்டு வாட்டம் இருக்கு.”

தன் அம்மா கழுவிய அந்தத் தரையில் அவர் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து, குழி இருக்கும் திசையைப் பார்க்காமல் தெற்கே, ஒரு காலத்தில் சுவர் இருந்த இடத்தை நோக்கித் தட்டினார். பந்து அந்தப் பக்கம் போனது, தயங்கியது, திரும்பியது, அகலமாக வளைந்து சோம்பலாக உருண்டு வந்து பைப்புக்குள் விழுந்தது. நான் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். ஜீனத்துக்கு விசில் ஊதத் தோன்றவில்லை, முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

சாகுல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நெலமே எறங்கிருச்சு,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “வாட்டம் மாறல பாத்தியா.” பிறகு வயல் பக்கம் கையைக் காட்டி, “அறுப்புக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. மேட்டுல நின்னு பாத்தோம், கதிரு தண்ணிக்கு மேல தலைய மட்டும் நீட்டிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர எனக்குத் தெம்பில்ல ஜீனத்.”

“எனக்கு மட்டும் இருந்துச்சா காக்கா? சும்மா வந்து அழுதுட்டுப் போறதுக்குப் பதிலா மட்டையோட வந்தேன். அவ்வளவுதான்.”

தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டு நின்றது. பத்து மணி சுமாருக்கு சாகுலின் கைபேசி அடித்தது. லாரிக்காரர். நாளை மறுநாள் எத்தனை மணிக்கு வண்டி விடட்டும் என்று கேட்கிற குரல் எங்களுக்கே கேட்டது.

“விடாத தம்பி,” என்றார் சாகுல். “கோடவுனுக்கு வேற எடம் பாத்துக்கலாம்... இல்லப்பா, பர்மிஷன் எல்லாம் பக்காவா இருக்கு. தரை இருக்குப்பா இங்க. நான் போட்ட தரை, நல்லா இருக்கு. அது மேல எப்படி மண்ணக் கொட்டுறது?”

பன்னிரண்டேகாலுக்கு வரப்பு வெளியே தெரிந்தது. நான் விடைபெற்றுக் கிளம்பியபோது சாகுல் கடையை மறந்து ஆறாவது குழியில் நின்றார். நண்டு வளைக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்ததற்கு ஒரு அடி சேர்த்ததற்காகத் தங்கையோடு பெரிய சண்டை. திரும்பும் வழியில் முருகேசனிடம் லாரி வராது என்று சொன்னேன். “அரே வா!” என்று ஹாரனை அழுத்தினார்.

திருச்சியில் நான் குடியிருக்கும் மனை ஒரு காலத்தில் இரண்டு போகம் விளைந்த வயல். மண் கொட்டுவதற்கு முன்னால் அந்த நிலத்துக்காரரை ஒரு காலைப்பொழுது அங்கே நிற்கவைக்க ஒரு தங்கை இருந்திருந்தால், நான் இன்று எங்கே குடியிருப்பேனோ தெரியாது.