லாரிப் பாதையில் கிடத்திய பசு

அந்தச் சினைப்பசுவின் நெற்றிக் குங்குமம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம். பக்கத்திலேயே கல் பட்ட காயம்.

ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரின் புக்கித் தீமாவில் கல்லுடைக்கும் மலையொன்றில் நான் லாரி ஓட்டினேன். மலையடிவாரத்தில் பால்காரக்காவின் மாட்டுக்கொட்டகை. புருஷன் போனபிறகு மூன்று பசுக்களை நம்பிப் பிழைத்தவர். வெடி வைக்குமுன் சங்கு ஊதுவார்கள். அக்கா மேய்கிற மாடுகளைத் தள்ளி ஓட்டிப் போய்விடுவார். அதுதான் ஏற்பாடு. புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்குச் சங்குச் சத்தம் தலைவலியாம்! வேலையாட்களுக்கு விசில் போதும் என்றான். தன் பங்களாவுக்கு மட்டும் முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவைப்பான். அக்காவுக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அப்படி ஊதாமல் வைத்த வெடியில் பறந்த கல்தான் பசுவைக் கொன்றது. எங்களை மேய்க்கும் மண்டோர் வந்து பார்த்தான். “கம்பெனி நெலத்துல மேயவிட்டது உன் தப்பு. கசாப்புக்காரனைக் கூப்பிடு, கெடைச்ச வரைக்கும் லாபம் லா,” என்றான். அடப்பாவி! நம்ம ஆள்தான், வருஷம் தவறாமல் தீ மிதிக்கிறவன்.

அக்கா அழவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, பசுவைக் கயிறுகட்டி இழுத்து லாரிப் பாதையின் குறுக்கே கிடத்தினார். கல்லேற்றிய என் லாரிதான் முதலில் வந்தது. “போறதுன்னா இது மேல ஏத்திட்டுப் போ, தம்பி,” என்றார். எந்தப் பாவி ஏற்றுவான்? இன்ஜினை அணைத்தேன். பின்னால் நின்ற சீனரும் மலாய்க்காரரும்கூட ஹார்ன் அடிக்கவில்லை. வேலை போய்விடும் என்று மண்டோர் குதித்தான். “நீங்களே ஓட்டுங்க,” என்று சாவியை நீட்டினேன். அவன் கை நீளவில்லை.

மத்தியானம்வரை கல் நகரவில்லை. அப்புறம்தான் துரைக்குக் காது கேட்டது. அக்கா கேட்டது இரண்டே விஷயம்: பசுவை அங்கேயே புதைக்க வேண்டும், இனி சங்கு ஊத வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினான். குழியை நாங்கள்தான் வெட்டினோம்.

இன்று கல்லுடைத்த அந்த மலைப்பள்ளம் நிறையத் தண்ணீர், சுற்றிலும் பூங்கா. ஈசூனிலிருந்து என் பேரப்பிள்ளைகள் போய்ப் படம் பிடித்து வருகிறார்கள். பாறையைப் பற்றிப் பலகை உண்டு, பறவையைப் பற்றிப் பலகை உண்டு. பசுவைப் பற்றிக் கேட்க நாதியில்லை.

பசுவைப் புதைத்த மறுநாளே சங்கு ஊதியது. அக்கா வழக்கம்போல் பால் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் ஊற்றினார். வெட்கமே இல்லாமல் மண்டோரும் குவளையை நீட்டினான். அக்கா செம்பை மூடினார்.

“கசாப்புக் கடையில போய்க் கேளு.”