கொப்பரைக் களத்து நீலாவதி

நீலாவதியை அவள் புருஷன் ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் அந்தமான் டாலிகஞ்சில் நாலு பேர் நியாயம் கேட்க வந்திருப்பார்கள். ஜெகநாதன் கை ஓங்காத மனுஷன். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்கூட, “ஆத்மி நஹி, சோனா ஹை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தங்கம் வீட்டுக்குள் செய்ததை வெளியில் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆபீஸ் சிநேகிதர்கள் சாப்பிட வருவார்கள். “நம்ம வீட்டு ரசத்துல உப்பு மழை மாதிரி சார். வந்தா வரும், இல்லாட்டி இல்ல” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நீலாவதியும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிடுவான். என்ன தப்பு என்று தெரியாமலே அவள் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. அவள் கதவைப் பூட்டியிருப்பாள். “தொறந்து கெடந்துச்சு, நான்தான் பூட்டினேன்” என்பான். அவள் கண்ணால் கண்டு சொன்னதை, “நீ அங்க இல்லவே இல்ல. உனக்கு எல்லாம் குழப்பம்” என்பான். குரலை உயர்த்த மாட்டான். வருஷக்கணக்கில் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தன் மேல் நம்பிக்கை இருக்கும்? தெருமுனை வரை போனவள் பூட்டைப் பார்க்கத் திரும்பி வருவாள். பார்த்துவிட்டுப் போனவள் மறுபடியும் வருவாள்.

அறுபத்தி நாலாம் வருஷம், தங்கச்சி பொன்னம்மாவின் பிரசவத்துக்கு என்று போட்டில் ஏறி மாயாபந்தர் வந்தாள். பிள்ளை பிறந்தது, குப்புற விழுந்தது, உட்காரவும் ஆரம்பித்தது. அக்காள்காரி திரும்பிப் போகவில்லை. புருஷன் போட்டில் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவான். பிள்ளைக்குச் சளி என்று பதில் போகும். அப்புறம் காய்ச்சல் என்று போகும். பொன்னம்மா புருஷன் பன்னீர்செல்வம் நல்லவன், ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சும்மா உட்கார்ந்து தின்ன மனசு வராமல், நாகூர் கனி பாயின் கொப்பரைக் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

களத்தைக் கட்டி மேய்த்தது பாயின் தங்கச்சி சம்சாத். நீலாவதி வயசுதான் இருக்கும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நானா வீட்டோடு இருந்தாள். அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்.

காயல் ஓரத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் டோங்கியில் வரும். டோங்கி என்றால் அங்கே துடுப்புப் படகு. களத்து மூலையில் மலையாகக் கொட்டிப்போட்டால் மழையிலும் வெயிலிலும் அப்படியே கிடக்கும். ஆண்கள் பாரையில் குத்தி மட்டை உரிப்பார்கள். பெண்கள் குவியலிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், உரித்த காயை உடைத்துக் காயப்போடுவார்கள். அந்தமானில் இருந்து பழகியவர்கள் எந்தக் குவியலிலும் நேரே கை வைக்க மாட்டார்கள். விறகானாலும் சரி, தேங்காயானாலும் சரி, குச்சியால் தட்டி, ஒரு மூச்சு பொறுத்து, பார்த்துத்தான் எடுப்பார்கள். உள்ளே பூரான் இருக்கும். நம் ஊர்ப் பூரான் மாதிரி விரல் நீளம் இல்லை, முழங்கை நீளம். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், தட்டாமல் கை வைக்கிறவர்களைப் பார்த்தால் போதும்.

நீலாவதி பல வருஷம் அந்தமானில் இருந்தவள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை வைத்தாள். ஏனென்றால் அவள் மனசு மாயாபந்தரில் இல்லை. அவன் குரலும் அவளோடு போட்டில் ஏறி வந்திருந்தது. ‘கோணக் கை. இதுகூட ஒழுங்கா எடுக்கத் தெரியாதா? ஜல்தி’ என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் சொல்லுகிற வேகத்தில் கையை விட்டாள்.

அவள் போட்ட கூச்சலில் பாரையில் நின்றவர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். சம்சாத் அவள் கையை வெந்நீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு திட்டினாள்.

“ஏ புள்ள, எங்க பாத்துக்கிட்டு கைய வெச்சே?”

“பாக்கல.”

“கண்ணு ரெண்டும் தொறந்துதானே இருந்துச்சு?”

“அவரு பேசிட்டிருந்தாரு.”

சம்சாத் சுற்றுமுற்றும் பார்த்தாள். “எவரு?”

நீலாவதி வெந்நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலே சம்சாத்துக்குக் கொஞ்சம் புரிந்தது.

சாயங்காலம் வரைக்கும் கை நெருப்பாக எரிந்தது. உலகத்தில் அந்தக் கையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் வலி இறங்கின பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வலித்த நேரம் முழுக்க அந்தக் குரல் கேட்கவே இல்லை. இதைச் சம்சாத்திடம் சொன்னாள்.

“அல்லாவே! அதுக்காக தினம் பூரான்கிட்ட கைய நீட்டப் போறியா?”

“அப்படிச் சொல்லல. மனசு கையிலயே இருந்துச்சு. அதான் கேக்கல போல.”

“அப்ப தேங்காய்ல வையேன் மனச. அதுவும் உன் கையிலதானே இருக்கு? கடிக்காது. எனக்கும் வேல நடக்கும்.”

சம்சாத் ஞானியும் இல்லை, குருவும் இல்லை. களத்து வேலை தேங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் நீலாவதி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

குச்சியால் தட்டுவாள். சத்தத்தைக் கேட்பாள். மழையில் ஊறிய மட்டைக்கு ஒரு சத்தம், காய்ந்ததற்கு ஒரு சத்தம். பார்ப்பாள். அப்புறம் எடுப்பாள். கனத்தைக் கை உணரும். வெட்டுக்கத்தியின் முதுகால் ஓங்கிப் போட்டால் காய் பிளந்து தண்ணீர் முழங்கை வழியாக ஓடும். அந்தக் குளிர்ச்சியையும் கவனிப்பாள். பாதி வேலையில் குரல் வரும். முன்னெல்லாம் அதோடு சண்டை போடுவாள். ‘நான் பூட்டினேன், நீதான் பொய் சொல்றே’ என்று நெஞ்சுக்குள்ளேயே வாதாடுவாள். அதில் அரைப் பொழுது போய்விடும். இப்போது விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி அது பாட்டுக்குப் பாடட்டும். அது அங்கே, தேங்காய் இங்கே.

ஒரே வாரத்தில் குணமாகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். சில நாள் தெளிவாக இருக்கும். சில நாள் தேங்காய் கையிலேயே இருக்க, கண்ணீர் ஓடும். தங்கச்சி வீட்டைப் பூட்டும்போது உள்ளங்கையைப் பூட்டின் மேல் வைத்து, இரும்பு சில்லென்று இருப்பது தெரிகிற வரைக்கும் நிற்பாள். பெரும்பாலும் அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும்.

இப்படி இருக்கையில் ஜெகநாதன் வந்து இறங்கினான். மெயின்லேண்டுக்கு மாற்றல் ஆகியிருந்தது. மெட்ராஸ் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிப் போக வந்திருந்தான்.

நேரே களத்துக்கு வந்தான். நாகூர் கனி பாய் எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். டீயில் ஈ விழுந்தது. பாதியோடு வைத்துவிட்டான்.

“இவள வெச்சு எப்படி பாய் வேல வாங்கினீங்க? உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி” என்றான். பாய் சிரித்தார். அவருக்கும் மனுஷனைப் பிடித்துவிட்டது.

நீலாவதி குவியல் பக்கத்தில் நின்றாள். வலது கையில் உடைத்த மூடி ஒன்று இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெயில் அவனுடைய இடது தோளில் விழுந்திருந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“கெளம்பு. நாளைக்குக் காலையில போட்டு” என்றான், அந்த மெல்லிய குரலில்.

அவள் தலை தானாக ஆடியது. சரி என்று.

அவன் போனதும் சம்சாத் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, பொம்ம மாதிரி தலைய ஆட்டுறே?”

“நான் ஆட்டல சம்சாத்து. அதுவா ஆடிருச்சு.”

“கழுத்து யாரோடது, பக்கத்து வீட்டுக்காரியோடதா?”

“புருஷன் கூப்பிடுறாரும்மா, போகத்தான் வேணும்” என்றார் பாய்.

“நீங்க சும்மா இருங்க நானா. உங்களுக்கு யாராச்சும் ‘பொறுமை ஜாஸ்தி’ன்னா போதும்.”

அன்றைக்குப் பொன்னம்மா அழுதுகொண்டே அக்காளின் சேலைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். அக்காள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். போனால் திரும்பி வர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மெட்ராசில் தங்கச்சி இல்லை, களம் இல்லை. அந்த வீட்டுக்குள் அவனும் அவன் குரலும் மட்டும் இருக்கும். கொஞ்ச நாளில் அவள் என்று ஒருத்தி இருந்ததே அவளுக்குச் சந்தேகமாகிவிடும்.

காலையில் போட்டு நிற்கிற ஜெட்டியில் கூட்டம். பெட்டி போட்டில் ஏறிவிட்டது. டிக்கெட் வாங்கி நின்றவர்களில் ஜம்புலிங்கம் என்ற காண்டிராக்டரும் அவர் சம்சாரமும் ஜெகநாதனுக்குத் தெரிந்தவர்கள். அவர்களிடம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“நேத்து என்னப் பாத்ததும் ஓன்னு அழுதுட்டா சார். காலைப் பிடிச்சுக்கிட்டு, ‘என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க’ன்னு ஒரே புலம்பல்.”

காண்டிராக்டர் சம்சாரம் நீலாவதியைப் பாவமாகப் பார்த்தாள்.

முன்னால் என்றால் நீலாவதி யோசித்திருப்பாள். அழுதோமோ? அழுதிருப்போம் போலிருக்கிறதே, அவர் சொல்கிறாரே? அன்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று அவள் வேறெங்கும் போய்விடவில்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது அப்படியே அவளிடம் இருந்தது.

“நான் அழல” என்றாள்.

“உனக்கு ஞாபகம் இல்ல.”

“இருக்கு. நீங்க நாற்காலியில உக்காந்திருந்தீங்க. வெயில் உங்க எடது தோள்ல இருந்துச்சு. டீயில ஈ விழுந்துச்சு, பாதியோட வெச்சீங்க. என் வலது கையில தேங்கா மூடி இருந்துச்சு. உங்க பக்கத்துலயே நான் வரல, பொறவு எப்படிக் காலைப் பிடிச்சேன்?”

ஜெகநாதன் சிரிப்பை விடாமல் ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். ஜம்புலிங்கம் கடலைப் பார்த்தார்.

“தலைய ஆட்டினேன். அது நெசம். அது தப்பு. நான் வரலங்க.”

“நாலு பேரு பாக்குறாங்க, நீலா.”

“பாக்கட்டும்.”

அவள் குரல் நடுங்கியது. அழுகையும் வந்தது. அதை மறைக்கவில்லை. போட்டு ஊதியது. ஜெகநாதன் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தான். வழக்கம்போல் பேசாமல் நின்றால் அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் கேட்கவில்லை. போட்டில் ஏறி உள்ளே போய்விட்டான்.

கயிறு அவிழ்க்க வந்த தெலுங்கு லஸ்கர் டிரங்குப் பெட்டியைக் காட்டி, “யே கிஸ்கா ஹை?” என்று கத்தினான்.

“மேரா! என்னுது!” என்று இவள் கரையிலிருந்து கத்தினாள். பெட்டியைத் தூக்கி ஜெட்டியில் போட்டான். மூலை நசுங்கியது.

அதற்கு அப்புறமும் அந்தக் குரல் பல வருஷம் வந்துகொண்டுதான் இருந்தது. மழைக்காலத்தில் கூடுதலாக வரும். அவளும் நாகூர் கனி பாயின் களத்திலேயே இருந்து, பின்னால் சம்சாத்தோடு சேர்ந்து அந்தக் களத்தை நடத்தினாள். அதெல்லாம் வேறு கதை.

அன்றைக்குப் போட்டு முனையைத் தாண்டி மறைந்ததும் அவளுக்குப் பசித்தது. நல்ல பசி. பெட்டியை இழுத்துக்கொண்டு ஜெட்டி வாசலில் இருந்த மலையாளத்தான் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

“க்யா சாஹியே?” என்றான் கடைக்காரன். “பூரி இருக்கு, புட்டு இருக்கு, ரொட்டி இருக்கு.”

அவள் கண்ணாடிப் பெட்டியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தாள்.

“அரே, ஜல்தி போலோ அம்மா. கூட்டம் நிக்குது.”

“இருப்பா” என்றாள் நீலாவதி. “எனக்கு எது வேணும்னு பாக்குறேன்.”