அடுப்பங்கரையில் பேட்டரி

என் காரின் உத்தரவாத அட்டையின் ஆறாவது விதி இப்படிச் சொல்கிறது: பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையின் மேல் ஒட்டியுள்ள முத்திரைத்தாள் கிழியாத பட்சத்தில், எழுத்து மூலமான புகார் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் அனுப்பப்படும். வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். இப்படிப்பட்ட கெடுக்களை நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் நம்பினேன். ஒப்புகைச் சீட்டு இணைத்துப் பதிவுத் தபாலில் கார் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு நாங்கள் மலைமேல் கரியாலூரில் குடியிருந்தோம். என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வாரம் மூன்று நாள் காலை எட்டரைக்குக் கள்ளக்குறிச்சியில் பிசியோதெரபி. ஆறரைக்காவது மலையை விட்டு இறங்க வேண்டும். மார்கழி பிறந்ததும் என் கார் அந்த நேரத்தில் எழுந்திருக்க மறுத்தது. விளக்கை அணைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, சாவியைப் பத்து நொடி திருப்பி, அரை நிமிடம் ஓய்வு விட்டு, மறுபடி திருப்புவேன். மூன்று முறைக்கு மேல் கூடாது என்பது கையேடு. மூன்று முறையும் முக்கி முனகிவிட்டு அடங்கிவிடும். மதிய வெயிலில் கள்ளக்குறிச்சி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரே திருப்பில் உறுமியது. அவன் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தான்.

எதிர் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சிக் கடைவீதியைச் சேர்ந்த வியாபாரி. மலையில் புளியும் கடுக்காயும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பவர். அவருடைய ஜீப் என் காரைவிட இருபது வயது மூத்தது. கதவு ஒன்றைக் கயிறு போட்டுத்தான் கட்டியிருந்தார். அது தினமும் முதல் திருப்பிலேயே கிளம்பியது. என் மனைவி அதில் போக ஆரம்பித்தாள்.

அவள் காலுக்கு அவர் ஒரு தலையணை போட்டு வைத்திருந்தார். என் காரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறவள், ஜீப்பில் போய்வந்த நாளெல்லாம் எந்த வளைவில் குரங்கு குட்டியோடு உட்கார்ந்திருந்தது என்று வர்ணித்தாள். சிரித்துக்கொண்டே இறங்குவாள். அந்தச் சிரிப்பை நான் ஜன்னல் வழியாகக் கேட்பேன். ஒருநாள் வாசலில் நின்ற என்னிடம் அவர் அன்பாகவே சொன்னார்: "அக்காவ நான் பாத்துக்கறேன், நீங்க இன்னாத்துக்கு சார் குளிர்ல நின்னுக்கினு? உள்ள போங்க."

உள்ளே போனேன். நிறுவனத்துக்கு இரண்டாவது நினைவூட்டல் எழுதினேன்.

ஒரு சாயங்காலம், பொங்கலுக்கு முன்பு, அவர் ஜீப்பின் மூடியைத் திறந்து எதையோ கோணியில் சுற்றி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். மறுநாளே விசாரணை அதிகாரியைப் போல அவரிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"பேட்டரி சார். கெழடு ஆயிடுச்சு, குளிரு ஜாஸ்தியானா கோச்சிக்கும். ராத்திரிக்கு அடுப்பாண்ட வெச்சிட்டு காலைல மாட்டிக்குவேன். அக்காகிட்ட அப்பவே சொன்னனே, சொல்லலியா?"

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த முத்திரைத்தாளத் தொடக்கூடாதுன்னு நீங்கதான கார் மூடில எழுதி ஒட்டி வெச்சீங்க. தொட உட்டிருப்பீங்களா?" கீரையைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டாள்: "அவரு வண்டில போனா யாரும் பாடம் நடத்தறதில்ல. நிம்மதியா இருக்கு."

அன்று மாலை நானே முத்திரைத்தாளைக் கிழித்தேன். ஸ்பேனர் இரண்டு முறை நழுவி விரலைக் கிழித்தது. பேட்டரியைக் கைக்குழந்தையைப் போல் அணைத்துத் தூக்கிவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சாக்கால் போர்த்தினேன். காலையில் மாட்டினேன். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

அதே நேரத்தில் எதிரே ஜீப்பும் உறுமிக்கொண்டு நின்றது. என் மனைவி தடியை ஊன்றி இரண்டுக்கும் நடுவே நின்றாள். அவள் ஜீப்புக்குப் போய், தலையணையை வாங்கிக்கொண்டு, என் காரில் ஏறினாள். கியரைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசாமல் கச்சிராயபாளையம் வரை ஓட்டினேன். அவள் கண்ணை மூடவில்லை. வழியெல்லாம் அந்த வியாபாரியின் மகளுக்கு வரன் பார்க்கும் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மாசியில் தடியைப் போட்டுவிட்டாள். சிகிச்சையும் முடிந்தது. நிறுவனத்தின் பதிலைத் தபால்காரர் கொண்டுவந்தபோது அவள் வீட்டில் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் துணி எடுக்க, எதிர் வீட்டம்மாவோடு ஜீப்பில் கீழே போயிருந்தாள். என் கார் வாசலில் தயாராகத்தான் நின்றது, யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் உறையின் மேல் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்தேன்: பங்குனி ஒன்பது.