மூன்றாம் மாடிக்குப் போன வாழை இலைகள்

விடிந்ததும் செல்லதுரை மார்க்கெட்டுக்குப் போய் நான்கு முழு வாழை இலை வாங்கிவருவார். ஈரத்துண்டில் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்டில் ஏறுவார். தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

“என்ன அண்ணே, தெனம் விருந்தா?” என்பார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெகபர் அலி.

“ஆமா பாய். பெரிய எடத்து விருந்தாளி. எந்திரிச்சுப் போற மாதிரி தெரியல” என்று சிரித்துவிட்டு மேலே போய்விடுவார்.

விருந்தாளி அவர் மனைவி அம்சம். புரட்டாசியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தலையை மழித்துவிட்டார்கள். படுத்தே கிடந்ததில் முதுகெல்லாம் புண். வாழை இலையை அனலில் வாட்டி, நடு நரம்பைச் சீவி விரித்தால் புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று அங்கிருந்த ஆயா சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வாடைக்குச் சாம்பிராணி. அழுக்கான இலையும் துணியும் கருப்புப் பையில் கீழே போகும்.

இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அம்சத்தின் உத்தரவு. வாய் குழறினாலும் அதை மட்டும் அவள் தெளிவாகச் சொன்னாள்: “யாரும் என்னைப் பாக்க வேணாங்க. பரிதியும் வேணாம்.” பரிதி அவர்களுடைய ஒரே மகன், தோஹாவில் வேலை.

அம்சத்தின் அப்பா பண்ணையாள். சின்ன வயதில் அவரோடு போய்ப் பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்றபோதெல்லாம் பழையதைப் போட்டவர்கள் ‘பாவம்’ என்ற சொல்லையும் சேர்த்தே போட்டார்கள். பிறகு படித்து, சத்துணவு அமைப்பாளராகி, முப்பது வருஷம் வேலை பார்த்தாள். வாசலுக்குப் பால் வாங்க வந்தாலும் தலை சீவி, பூ வைத்து, கொசுவம் கலையாமல்தான் வருவாள். “நம்மளப் பாத்து ஒருத்தர் பாவம்னு நெனச்சிடக் கூடாதுங்க” என்பாள். செல்லதுரை ஆற்றுப் பாசனத்தில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் தலைப்பில், மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஷட்டரை ஒரு அங்குலம் தூக்கமாட்டார். ஊரே கரையில் நின்று திட்டினாலும் தூக்கமாட்டார். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

தீபாவளிக்குக் குடியிருப்பு காலியாகக் கிடந்த நாளில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கேட்டவர்களிடம் பேராவூரணியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்றார்.

புத்தாண்டன்று சாயங்காலம் மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் போட்டார்கள். இரண்டாம் மாடி முகுந்தின் ஏற்பாடு. படத்தில் ஒரு அடுக்குமாடி, அதில் ஒருவன், அவன் மனைவியை யாரும் பார்த்து மாதக்கணக்காகிறது. வீட்டில் ஓயாமல் ஊதுபத்தி மணம். கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறப்பான். செல்லதுரை தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று அரைமணி நேரம் பார்த்தார். அம்சத்தைப் புரட்டும் நேரம் வந்ததும் இறங்கிப் போனார். சுவருக்குள் மனைவியின் பிணம் இருந்த கடைசிக் காட்சியை அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் முகுந்த் எழுதினான்: “படத்துல ஊதுபத்தி. நம்ம தேர்ட் ஃப்ளோர்ல சாம்பிராணி. செகண்ட் பார்ட் இங்கதான் எடுக்கணும்.” நிறையச் சிரிப்பு முகங்கள் வந்தன. செல்லதுரையும் அந்தக் குழுவில் இருந்தார். ‘அவளுக்கு உடம்பு முடியல’ என்று தட்டினார். அடுத்த கேள்வி ‘பாக்க வரலாமா’ என்றுதான் இருக்கும். அழித்துவிட்டார்.

சந்தேகத்துக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை. ஒரு கதை கிடைத்தால் போதும். அதுவரை தனித்தனியாகக் கிடந்த இலையும் புகையும் கருப்புப் பையும் அந்தக் கதைக்குள் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. எதிர்வீட்டு விஜயம் டீச்சர், செத்தவர்களுக்குப் படைக்கத்தான் நாள் தவறாமல் இலை வாங்குகிறாரோ என்று முதலில் கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தேங்காய் வியாபாரமாகப் பேராவூரணிக்குப் போன ஜெகபர் அலி, அம்சத்தின் தங்கை வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. ஒரு பெண் போலீஸ். பின்னால் அலி, விஜயம், முகுந்த்.

“ஒங்க மச்சினியப் பாத்தேன் அண்ணே. அக்கா இங்க வரவே இல்ல, எங்களையும் பாக்க விடலன்னு அழுவுது. அண்ணி எங்கண்ணே?”

“உள்ளதான் இருக்கா.”

“அப்ப நாங்க பாக்கலாமா?”

செல்லதுரை கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். “வேணாம் பாய். அவ வேணாம்னிருக்கா.”

“புகார் வந்துருக்குங்க. பாக்காம போக முடியாது” என்றார் போலீஸ்காரப் பெண்.

“அப்பன்னா நீங்க மட்டும் வாங்கம்மா.”

அந்தப் பெண் உள்ளே போனார். செல்லதுரை திரும்புவதற்குள் மற்ற மூவரும் படுக்கையறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பச்சை இலைமேல் ஒருக்களித்துக் கிடந்தாள் அம்சம். மழித்த தலையில் ஒழுங்கில்லாமல் முளைத்த நரை. கோணிய வாயோரம் எச்சில். எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவளால் மூட முடிந்தது அது ஒன்றுதான்.

“அடப் பாவமே” என்றார் விஜயம்.

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் அன்பு பெருகிவிட்டது. இளநீர், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. முகுந்த் காலில் விழப்போனான். “மன்னிச்சுடுங்க அங்கிள்.” காலையும் மாலையும் ஆள் மாற்றி ஆள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்; நின்றவர்கள் அந்த ஒரு சொல்லையே சொன்னார்கள். சந்தேகப்பட்டவர்களை இத்தனை நாள் தடுத்த கதவால் இரக்கப்பட்டவர்களை ஒரு நாள்கூடத் தடுக்க முடியவில்லை. அம்சம் அதன்பின் கண் திறப்பது அபூர்வமாயிற்று. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பதினோராம் நாள் காலையில் அவர் புரட்டியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஐஸ் பெட்டி வந்ததும் செல்லதுரை அவளுடைய அரக்குப் பட்டுப்புடவையை நாலாக மடித்து முகத்துக்கு மேல் போர்த்தினார். முகம் பார்க்க வேண்டும் என்று உறவுப் பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

மறுநாள் பரிதி வந்து சேர்ந்தான். நேரே தலைமாட்டுக்குத்தான் வந்தான்.

“அம்மா மொகத்தப் பாக்கணும்ப்பா.”

“வேணாம்டா.”

“இந்தக் கட்டடமே பாத்துருக்கு. பெத்த புள்ள நான் பாக்கக் கூடாதா?”

செல்லதுரை புடவை முனையை விடவில்லை. பரிதி அந்தக் கையைப் பிடித்து இழுத்தான்.

விஜயம் டீச்சர் முன்னால் வந்தார். “பரிதி, இங்க பாருப்பா. கடைசி பத்து நாளும் நான் பார்த்தேன். உங்கம்மா அப்படியேதான் இருந்தா. வழிச்சுச் சீவி, பூ வச்சுண்டு, நெத்தியில பொட்டோட. நீ ஏர்போர்ட்ல விட்டுட்டுப் போனப்போ எப்படி இருந்தாளோ, அப்படி. அதையே வச்சுக்கோப்பா. பெட்டிக்குள்ள இருக்கற மொகம் வேண்டாம்.”

பார்த்தேன் என்பதைத் தவிர அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. அலி தலையைக் குனிந்துகொண்டார். முகுந்த் சுவரைப் பார்த்தான்.

பரிதி அப்பாவின் கையை விட்டான். புடவைக்கு மேலேயே வாய்க்கரிசி போட்டான். பட்டில் தங்காமல் அரிசி இருபுறமும் வழிந்தது.

செல்லதுரை நிமிர்ந்து விஜயத்தைப் பார்த்தார். நன்றி சொல்லவும் தோன்றவில்லை, மன்னிக்கவும் தோன்றவில்லை.

“கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க டீச்சர்” என்றார். “தூக்கணும்.”